பழுத்த பழம் காத்திருக்காது



கடந்த சில மாதங்களாக இப்பக்கத்தில் பயற்றம் பணியாரம், ஒடியல் கூழ், பனங்காய்ப் பணியாரம் என்று எங்கள் ஊர்ப் பண்டங்களையே பார்த்து வந்தோம். இடையிடையே வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றது. "தொலைக்காட்சியில் வெள்ளைக்காரர் பழத்தின் மேல் மாத்தூளைத் தூவி அவணில் வைத்து எடுக்கிறார்களே, அது கேக்கும் இல்லை, புடிங்கும் இல்லை. அது என்ன? எங்கள் வீட்டில் செய்யலாமா?" என்பதே அந்தக் கேள்வி. கடைசியாக எழுதிய சகோதரி, "அவண் இல்லாதவர்களையும் நினைத்து எழுதுங்கள்" என்று சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டிருந்தார். நியாயமான கோபம்தான்.

அதன் பெயர் கிறம்பிள். உதிர்ந்து பொடியாவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. பெயரிலேயே செய்முறை இருக்கின்றது. அடியில் பழத்துண்டுகள், மேலே பட்டரும் மாவும் சீனியும் சேர்த்து உதிர்த்த தூள், அவ்வளவுதான். முட்டை அடிக்கத் தேவையில்லை, மாவைத் தட்டி உருட்டத் தேவையில்லை, மேலே அலங்காரமும் தேவையில்லை. 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் கனடாவில், ஸ்காபரோவிலுள்ள அக்கா வீட்டில் சில கிழமைகள் நின்றேன். அப்போது இதைப் பீச்சஸ் பழத்தில் செய்யப் பழகினேன். ஆகவே இம்மாதம் பீச்சஸ் கிறம்பிள். பீச்சஸ் கிடைக்காத எங்களுக்கு என்ன வழி, அவண் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்பதையும் கடைசியில் சொல்கின்றேன். அதுவரை பொறுத்திருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஏதோ பணக்கார வீட்டுப் பண்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இது தட்டுப்பாட்டுக் காலத்தில் வளர்ந்த பண்டம். இரண்டாம் உலகப் போர் தொடங்கிச் சில மாதங்களில், 1940 தை மாதம், பிரித்தானியாவில் பட்டருக்கும் சீனிக்கும் பங்கீடு வந்தது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1954 ஆடி மாதத்தில்தான் உணவுப் பங்கீடு முற்றாக நீங்கியது. அந்த நாட்டில் பழம் மலிந்தால் 'பை' செய்வது வழக்கம். பழத்துக்குக் கீழும் மேலும் மாத்தகடு வைத்துச் சுடுவார்கள். தகடு மொறுமொறுப்பாக வர வேண்டுமானால் பட்டர் தாராளமாகச் சேர வேண்டும். கிழமைக்கு ஒரு சிறு கட்டிப் பட்டரைக் குடும்பத்துக்குப் பங்கிட்ட பெண்கள் அதற்கு எங்கே போவது? கொஞ்ச மாவில் கொஞ்சக் கொழுப்பை உதிர்த்துப் பழத்தின் மேல் தூவினார்கள். பட்டர் இல்லையென்றால் மாஜரின், மா குறைந்தால் ஓட்ஸ், சீனி குறைந்தால் பழத்தின் இனிப்பு. இப்படித்தான் கிறம்பிள் அங்கு வீட்டுக்கு வீடு பரவியது என்று சமையல் வரலாறு எழுதுவோர் சொல்கின்றார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்கும், 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காக விடியப்புறமே போய் வரிசையில் நின்றவர்களுக்கும் இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனிப் பழத்துக்கு வருவோம். பீச்சஸ் பழத்தை எங்களில் அநேகர் நத்தார்க் காலத்தில் சுப்பர் மார்க்கெட் தட்டில், சீனிப்பாகில் மிதக்கும் ரின் பழமாகத்தான் கண்டிருப்போம். மரத்தில் பழுத்த பீச்சஸுக்கும் அதற்கும் உறவே இல்லை. நடுத்தரத் தோடம்பழம் அளவு, தோலில் மெல்லிய பூனைமயிர், மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம், உள்ளே சுருக்கம் விழுந்த கல்லுப் போன்ற கொட்டை. கடித்தால் சாறு முழங்கை வரை ஓடும். சீனாவில் தோன்றிய மரம் இது. பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் அதன் தாவரவியல் பெயரில் பாரசீகம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. இந்த மரம் ஒழுங்காகப் பூப்பதற்கு மாரியில் பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். அதனால்தான் யாழ்ப்பாணத்து வெயிலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது சரிவராது. எங்கள் மலையகத்தின் குளிர்ப் பகுதிகளில் சிலருடைய தோட்டங்களில் பீச்சஸ் மரங்கள் உண்டு.

கனடா என்றவுடன் பனிதான் எங்களுக்கு நினைவு வரும். அந்தப் பனி நாட்டில் இந்தப் பழம் எப்படி விளைகின்றது என்று எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. காரணம் ஒரு வாவி. நயாகரா நீர்வீழ்ச்சி இருக்கும் அந்தக் குடாநாட்டில் வடக்கே ஒன்ராறியோ வாவி, தெற்கே நீண்ட ஒரு மலைவிளிம்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலப்பட்டி. கோடையில் சூடேறிய வாவி மாரியில் மெல்ல மெல்லத்தான் ஆறும். அந்த வெதுவெதுப்பு மரங்களைக் கடுங்குளிரிலிருந்து காக்கின்றது. இளவேனிலில் வாவி இன்னும் குளிராக இருப்பதால் மரங்கள் அவசரப்பட்டுப் பூப்பதில்லை. அவை பூக்கும்போது உறைபனி ஆபத்து பெரும்பாலும் கடந்துவிடும். ஆடி நடுப்பகுதியில் தொடங்கிப் புரட்டாதி வரை, ஏறக்குறைய இரண்டு மாதம்தான் பழக்காலம். அதிலும் ஆவணிதான் உச்சம்.

அக்காவின் மகள் ஒரு சனிக்கிழமை என்னை அங்கே அழைத்துப் போனாள். வீதியோரம் முழுக்கச் சிறு கொட்டில்கள், ஒவ்வொன்றிலும் கூடை கூடையாகப் பழம். தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். யமேக்காவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் பருவ வேலைக்கு வருபவர்கள் என்று பெறாமகள் சொன்னாள். யமேக்காவுடன் இந்த ஏற்பாடு 1966இல் தொடங்கி, மெக்சிக்கோ 1974இல் சேர்ந்ததாம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் வந்து நின்று உழைத்து அனுப்புகின்றார்கள். மத்திய கிழக்குக்குப் போன எங்கள் சகோதரிகளின் நினைவு வந்தது. ஒரு பழம் மலிவாக வருவதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் வீடு காத்திருக்கின்றது.

அங்கே கேட்டறிந்த இன்னொரு விடயம். பீச்சஸில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் கொட்டை சதையை விட்டு இலகுவில் கழன்று வரும், மற்றதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டும் சாதிதான் ரின்னில் அடைக்க ஏற்றது, ஏனெனில் அதன் சதை இறுக்கமானது. நயாகராவில் பழம் அடைத்து வந்த தொழிற்சாலை 2008இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த விவசாயிகள் அந்தச் சாதி மரங்களைப் பிடுங்கி எறிய வேண்டி வந்தது. மரம் நட்டுக் காய்க்க வைத்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுச் சமையலுக்குக் கொட்டை கழரும் சாதிதான் வசதி. 'ரெட்ஹேவன்' என்று ஒரு இனம் ஆவணியில் வரும். 1940இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உருவாக்கி வெளியிட்ட இனம் அது. இன்றும் அதற்குத்தான் மவுசு.

இரண்டு கூடை வாங்கிக்கொண்டு வந்தோம். இங்கேதான் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அத்தான் அந்த வருடம் தை மாதம் தவறிப்போனார். நாற்பத்தொரு வருடக் குடித்தனம். அக்கா அழுது புரளும் ஆளில்லை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடித்தவர். ஆனால் குசினிக்குள் போவதை மட்டும் விட்டுவிட்டார். நான் போன அன்றே அதைக் கவனித்தேன். அடுப்பு மேடை துடைத்தபடி அப்படியே இருக்கும். பிறீசர் நிறையப் பெட்டிகள். ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை, இடியப்பமும் கறியும் வாங்கி வைத்துவிட்டால் சூடாக்கிச் சாப்பிட வேண்டியதுதான். அதையும் அக்கா பாதியில் வைத்துவிடுவார். அநேகமான நாட்களில் பாணும் தேநீரும். ஏற்கனவே நீரிழிவு உள்ளவர், மருந்து போட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பெறாமகள் இரண்டு வேலைக்கு நடுவில் ஓடி ஓடி வந்து பார்ப்பாள். "சின்னம்மா, நீங்கள் நிக்கிற நேரத்திலையாவது அம்மாவைச் சமைக்க வையுங்கோ" என்று என்னிடம் கேட்டிருந்தாள். நான் சமைத்தேன், அக்கா சாப்பிட்டார். ஆனால் அவரைச் சமைக்க வைப்பது எப்படி? சொல்லிச் செய்விக்கும் காரியமா அது?

கூடைகளைக் கண்டதும் அக்கா, "உதை ஆருக்கெண்டு வாங்கினனீங்கள்? ஆர் சாப்பிடப்போகினம்? பக்கத்து வீட்டுக்குக் குடுங்கோ" என்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. கூடைகள் மேசையில் இருந்தன. பீச்சஸ் அப்படி வைத்திருக்கக்கூடிய பழம் அல்ல. திங்கட்கிழமை வீடு முழுக்க மணம். செவ்வாய்க்கிழமை சில பழங்களில் மண்ணிறப் புள்ளி விழுந்தது. அக்கா போகும்போதும் வரும்போதும் கூடையைப் பார்ப்பதைக் கண்டேன். எந்தப் பொருளும் பழுதாய்ப் போவதைப் பொறுக்காத கை அது. தடைக் காலத்தில் ஒரு தேங்காயை மூன்று நாளுக்கு ஆக்கிய ஆள்.

செவ்வாய் பின்னேரம் பெறாமகள் தன் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, "இண்டைக்குக் கிறம்பிள் செய்வம்" என்று தொடங்கினாள். நான் பழம் வெட்டினேன். அவள் மாவையும் பட்டரையும் பாத்திரத்தில் போட்டு, ரொட்டிக்குக் குழைப்பது போல் உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்தாள். பட்டர் உருகி எல்லாம் ஒரே உருண்டையாகத் திரண்டது. விறாந்தைக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"விடு பிள்ளை, பிசையாதை. இது புட்டு மா மாதிரி. பிடிச்சால் பிடிபட வேணும், விட்டால் உதிர வேணும்."

திரண்டதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் புதிதாக மா அளந்தார். பிறிட்ஜிலிருந்து இறுகிய பட்டரை எடுத்துச் சுண்டங்காய் அளவில் வெட்டிப் போட்டார். விரல் நுனிகளால் மட்டும் மாவைத் தூக்கித் தூக்கி உதிர்த்தார். பெரிய கட்டிகள் கிடந்தபோது ஒரு பேணியை எடுத்து, அதன் விளிம்பால் டக் டக் என்று கொத்தினார். புட்டு மா கொத்துகின்ற அதே கொத்து. அத்தானுக்கு இரவுக்குப் புட்டுத்தான் வேண்டும். நாற்பத்தொரு வருடம் அக்காவின் கை அதைத்தான் கொத்தியது. பேத்தி, "அம்மம்மா, எனக்கும் தாங்கோ" என்று கேட்க, பேணியை அவளிடம் கொடுத்துக் கையைப் பிடித்துக் காட்டினார். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

புதன்கிழமை பின்னேரம் நான் நித்திரையால் எழும்பியபோது அரிசிமா வறுக்கும் மணம் வந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, செய்முறை. கீழே சொல்லும் அளவு எட்டுப் பேருக்குப் போதும். பீச்சஸ் ஒரு கிலோ, அதாவது நடுத்தரப் பழம் ஏழு எட்டு. பழத்துக்குச் சீனி நான்கு மேசைக்கரண்டி, சோளமா ஒரு மேசைக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி, கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி. மேலே தூவ, கோதுமை மா 150 கிராம், இறுகிய பட்டர் 100 கிராம், சிவப்புச் சீனி 75 கிராம், ஓட்ஸ் 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. ஓட்ஸ் இல்லையென்றால் விட்டுவிடலாம், அல்லது உடைத்த கஜு ஒரு கைப்பிடி போடலாம்.

பழம் தெரிவதில்தான் பாதி வெற்றி. சிவப்பு நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது வெயில் பட்ட பக்கத்தின் நிறம், பழுத்ததற்கு அடையாளம் அல்ல. காம்படியைப் பாருங்கள். அங்கே பச்சை இருந்தால் பறிக்க முந்திவிட்டார்கள், மஞ்சளாக இருந்தால் நல்லது. பறித்தபின் இப்பழம் மெதுமையாகும், மணக்கும், ஆனால் இனிப்புக் கூடாது. காயாக உள்ளதைக் கடதாசிப் பையில் போட்டு மேசையில் வையுங்கள். பழங்கள் தாமே வெளிவிடும் எதிலீன் வாயு பைக்குள் தங்கி, ஓரிரு நாளில் பழுக்க வைக்கும். காயைப் பிறிட்ஜில் வைத்தால் பழுக்காது, சதை மாப்பிடித்துச் சப்பென்று போய்விடும். பழுத்தபின் பிறிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். அடிபட்ட பழத்தில் அடிபட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போடலாம். இந்தப் பண்டத்துக்கு அழகான பழம் தேவையில்லை. பூஞ்சணம் பிடித்ததை மட்டும் முழுதாக எறிந்துவிடுங்கள்.

தோலுடனும் செய்யலாம், எங்கள் வீட்டில் தோல் நீக்கித்தான் செய்தோம். பழத்தின் அடியில் கத்தியால் சிலுவை போல் ஒரு கீறல் போட்டு, கொதிதண்ணீரில் அரை நிமிடம் தொடக்கம் ஒரு நிமிடம் வரை விட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். தோல் கையோடு கழன்று வரும். பழத்தில் ஒரு பள்ளக்கோடு இருக்கும், அதன் வழியே சுற்றிவர வெட்டி இரு கையாலும் எதிர் எதிராகத் திருகினால் இரண்டாகும். கொட்டையை எறிந்துவிடுங்கள். உள்ளே வாதுமை மாதிரி ஒரு பருப்பு இருக்கும், பிள்ளைகள் உடைத்துச் சாப்பிட விட வேண்டாம். அது உடம்பில் சயனைட் நஞ்சை உண்டாக்கக்கூடியது. சதையை விரற்கடை மொத்தத்தில் வெட்டித் தேசிக்காய்ச் சாற்றில் பிரட்டுங்கள். புளி பட்டால் துண்டுகள் கறுக்காது, இனிப்பும் எடுப்பாக இருக்கும். பிறகு சீனி, சோளமா, கறுவாத்தூள் சேர்த்து, எட்டங்குலத் தட்டில் பரவுங்கள். சோளமாவை விட வேண்டாம். வேகும்போது பழம் விடும் சாற்றைத் தடிப்பாக்குவது அதுதான். இல்லாவிட்டால் அடியில் தண்ணீராய்க் கிடக்கும், மேலே உள்ள தூள் ஊறிக் களியாகிவிடும்.

தூளுக்கு அக்காவின் விதிதான் விதி. பட்டர் இறுகி இருக்க வேண்டும், கை குளிர்ந்திருக்க வேண்டும், விரல் நுனிதான் வேலை செய்ய வேண்டும். காரணம் இதுதான்: இறுகிய பட்டர் மாவின் துகள்களைச் சுற்றிப் போர்வை போல் ஒட்டிக்கொள்ளும், அப்போது மாவிலுள்ள பசை இழுபடாது, வெந்ததும் பொருபொருவென்று உதிரும். பிசைந்தால் பட்டர் உருகிக் கட்டியாகும், சுட்டபின் கல்லு மாதிரி இருக்கும். மா உதிர்ந்த பின்னர்தான் சீனி, ஓட்ஸ், உப்பைக் கலக்க வேண்டும். ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். பிடிபட்டு, விட்டவுடன் பெரிதும் சிறிதுமாக உடைந்து விழுந்தால் பதம் சரி. அழுத்தாமல் பழத்தின் மேல் தூவுங்கள். ஆவி வெளியேற வழி வேண்டும்.

முன்கூட்டியே சூடாக்கிய அவணில் 180 பாகை செல்சியஸில் நாற்பது தொடக்கம் நாற்பத்தைந்து நிமிடம். நேரத்தை மட்டும் நம்பாமல் கண்ணால் பாருங்கள். மேலே பொன்னிறமும், ஓரங்களில் சாறு தடித்துக் குமிழிகள் மெதுவாக வெடிப்பதும் தெரிய வேண்டும். இரண்டாவது அடையாளம் முக்கியம், குமிழி வந்தால்தான் சோளமா வெந்திருக்கும். எடுத்து இருபது நிமிடமாவது ஆற விடுங்கள். பழச்சாறு நாக்கைப் பொசுக்கிவிடும் என்பதோடு, ஆறினால்தான் இறுகும். அங்கே கஸ்ரட்டோ ஐஸ்கிறீமோ வைத்துக் கொடுப்பார்கள். எனக்குத் தயிரோடுதான் பிடித்தது. எருமைத் தயிர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நீரிழிவுக்காரர் உள்ள வீடுகளுக்கு ஒரு கணக்கு. மேற்சொன்ன அளவில் சேர்த்த சீனி மட்டும் ஒரு பங்குக்கு ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி வருகின்றது. அதற்கு மேல் மாவும் பழமும். அக்கா பழத்துக்குப் போடும் சீனியை அடியோடு விட்டுவிட்டார், நன்கு பழுத்த பழத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. அப்படிச் செய்தால் ஒரு பங்குக்கு இரண்டேகால் தேக்கரண்டி அளவில் நிற்கும். தூளில் ஓட்ஸைக் கூட்டி மாவைக் குறைக்கலாம். ஆனாலும் இது இனிப்புத்தான், மருந்து அல்ல. ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்த வேண்டும். சாப்பிட்ட அன்று இரவு சோற்றையோ புட்டையோ குறைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் செய்வதன் நன்மை இதுதான், எவ்வளவு போட்டோம் என்று எங்களுக்குத் தெரியும். கடையில் வாங்கும் கேக் துண்டில் அந்தக் கணக்கை யார் சொல்லப்போகின்றார்கள்?

மிஞ்சினால் பிறிட்ஜில் மூன்று நாள் இருக்கும். தூளை மட்டும் தனியே கூடுதலாக உதிர்த்துப் பையில் கட்டிப் பிறீசரில் வைத்தால் ஓரிரு மாதம் பாவிக்கலாம். விருந்தாளி வந்தால் பழத்தை வெட்டிப் போட்டுத் தூவுவது மட்டும்தான் வேலை.

இப்போது வாக்குக் கொடுத்தபடி எங்கள் ஊருக்கு வருவோம். ரின் பீச்சஸ் வாங்கிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், பாகை முழுக்க வடித்துவிட்டுப் பழத்துக்குச் சீனி போடாமல் செய்ய வேண்டும். ஆனால் அந்தக் காசைக் கொடுத்து அதை ஏன் வாங்க வேண்டும் என்பது என் கேள்வி. வைகாசி, ஆனியில் எங்கள் வளவுகளில் மாம்பழம் விழுந்து ஈ மொய்க்கின்றது. காலையில் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டுகின்றோம், பின்னேரம் பிள்ளைகளுக்குப் பெட்டி பிஸ்கட் வாங்குகின்றோம். கிறம்பிளுக்கு மாம்பழத்தைப் போல் பொருந்தும் பழம் இல்லை. நன்றாகப் பழுத்தது கரைந்துவிடும், செங்காய்ப் பதத்தில் உள்ளதை எடுங்கள். விழுந்து அடிபட்டதில் நல்ல பகுதியை வெட்டி எடுக்கலாம். அன்னாசியும் நல்லது, ஆனால் சாறு கூட. துண்டுகளை ஐந்து நிமிடம் அடுப்பில் வற்றவிட்டுப் பிறகு தட்டில் போடுங்கள்.

அவண் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. எங்கள் அம்மாமார் கேக் சுட்ட வழி முதலாவது. கனமான பெரிய சட்டியின் அடியில் ஓரங்குலத்துக்கு மணல் பரவி, மூடி பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றுங்கள். பழமும் தூளும் போட்ட அலுமினியத் தட்டை மணல் மேல் வைத்து மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல் போடுங்கள். கீழே நெருப்பு மெல்லியதாக, மேலே தணல் நன்றாக இருக்க வேண்டும். ஐம்பது நிமிடமளவில் வெந்துவிடும். கண்ணாடித் தட்டு வைக்க வேண்டாம், வெடிக்கும்.

இரண்டாவது வழி இன்னும் சுகம், எரிபொருளும் குறைவு. உதிர்த்த தூளைத் தாச்சியில் மெல்லிய நெருப்பில் போட்டுக் கைவிடாமல் பிரட்டி, பச்சை மா மணம் போய்ப் பொன்னிறம் வரும்வரை பன்னிரண்டு பதினைந்து நிமிடம் வறுத்து எடுங்கள். வேறு சட்டியில் பழத்துண்டுகளை, சோளமா, தேசிக்காய்ச் சாறு, கறுவாத்தூளோடு மூடி, இடையிடையே கிளறி, எட்டுப் பத்து நிமிடம் அவியவிடுங்கள். பரிமாறும் நேரத்தில் கிண்ணத்தில் பழத்தைப் போட்டு மேலே தூளைத் தூவிக் கொடுங்கள். முன்னரே தூவி வைத்தால் மொறுமொறுப்புப் போய்விடும். 100 கிராம் பீச்சஸில் எட்டுக் கிராமளவு சீனி என்றால் மாம்பழத்தில் பதின்மூன்று பதினான்கு. ஆகவே கறுத்தக்கொழும்பானில் செய்வதானால் பழத்துக்குச் சீனி போடவே வேண்டாம், தேசிக்காய்ச் சாற்றை மட்டும் இரண்டு மேசைக்கரண்டியாக்குங்கள்.